முழங்கையில் மஞ்சள் கட்டம்

பாகலூர்ப் பக்கத்து ரோஜாக் கொட்டகைகளுக்குள் மார்கழிக் காலையில் நுழைந்தால் எது கூரை, எது வானம் என்று தெரியாது. மேலே பால் நிறத்துப் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேலே பனி. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் எல்லா இடத்திலும் ஊறி நிற்கும். அந்த வெளிச்சத்துக்குள் வரிசை வரிசையாக ஆண் சட்டைகள் மிதந்துபோகும். நீலம், காக்கி, ஆஷ் கலர், கோடு போட்டது, கட்டம் போட்டது. சட்டைக்குக் கீழே புடவைக் கொசுவம் இருக்கும், அல்லது நைட்டி, அல்லது சுடிதார். முதல் நாள் அதைப் பார்த்தபோது நான் இன்னும் தூங்கி எழவில்லையோ என்று நினைத்தேன்.

தூக்கமில்லை, முள். ரவிக்கையின் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. ரோஜா முள்ளுக்கோ முழங்கைக்குக் கீழேதான் வேலை. அதனால் பூ வெட்டுகிற பெண்கள் எல்லோரும் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு வருவார்கள். பித்தான் எந்தப் பக்கம் என்றெல்லாம் யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் எத்தனை கம்பெனி உண்டோ அத்தனை கம்பெனியின் பழைய யூனிஃபார்மும் எங்கள் ரோஜாச் செடிகளுக்கு நடுவே நடமாடியது. கூப்பிடுகிற பெயரும் அதிலிருந்துதான் வந்தது. புருஷன் பம்பு செய்கிற கம்பெனியில் இருந்தால் அவள் பம்பு. கண்ணாடிக் கம்பெனி என்றால் அவள் கண்ணாடி. "ஏ பம்பு, அந்த பக்கெட்ட இப்படித் தள்ளு" என்று யாராவது கத்தினால் சிரிக்காமல் தள்ளிவிடுவார்கள்.

ஒரு சட்டை எங்கள் பக்கம் லேசில் சாகாது. மெஷின் முன்னால் கொஞ்ச காலம், பிறகு மனைவியின் உடம்பில் முள்ளுக்கு முன்னால் கொஞ்ச காலம். கை நைந்தால் வெட்டி அரைக்கைச் சட்டையாக்கி வளர்கிற பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, யாருக்கு அளவு சரியோ அவர்களுக்கு. அதற்குப் பிறகு அடுப்பில் சட்டி இறக்கும் துணி. கடைசியில் நாடா நாடாவாகக் கிழித்து, சாய்கிற செடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவோம். என்றோ ஒருவன் வியர்வையோடு மாட்டியிருந்த சட்டை ஒரு ரோஜாவைத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

எனக்கு மாட்டிக்கொள்ள வீட்டில் ஆண் சட்டை இல்லை. ஊத்தங்கரைப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த வீட்டைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, எழுதினால் காகிதம்தான் கெடும். தாலியை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் கேள்வி வரும், கட்டியிருந்தால் பதில் தானாக வந்துவிடும். பண்ணையிலேயே ஒரு அறை கொடுத்தார்கள். வேலை இருக்கிற வரைக்கும் அறை. வேலை போனால் அறை போகும், அறை போனால் மறுபடியும் ஊத்தங்கரை பஸ்தான். இதை நினைக்காமல் ஒரு நாளும் நான் கதவைப் பூட்டியதில்லை.

முதல் நாள் சாயங்காலம் என் இரண்டு கைகளும் பூனை பிறாண்டின மாதிரி இருந்தன. சூப்பர்வைசர் அக்கா பார்த்துவிட்டு, "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் சட்டை ஒண்ணு போட்டுக்கிட்டு வா" என்றாள். சரிங்கக்கா என்றேன். வேறு என்ன சொல்வது?

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய துணியைக் குவித்து வைத்திருப்பார் ஒருவர். அந்தக் குவியலில் கையை விட்டுத் துழாவி ஒரு ஆஷ் கலர் சட்டையை இழுத்தேன். பாக்கெட்டில் கம்பெனிப் பெயரைப் பிரித்து எடுத்திருந்தார்கள். பெயர் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கட்டமாகத் தெரிந்தது. அறைக்கு வந்து துவைக்கும்போதுதான் உள்பக்கத்தைப் பார்த்தேன். இடது முழங்கையில் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். வெளியே பார்த்தால் ஆஷ் கலர் நூலில் மெல்லிசாக ஒரு தையல், அவ்வளவுதான். கையைத் திருப்பினால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கட்டம் போட்ட புடவைத் துண்டு. எறும்பு ஊர்ந்த மாதிரித் தையல். அவசரத்தில் போட்டதில்லை அது.

அந்தத் தையலோடு நான் வாழ ஆரம்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டைக்காரனைப் பற்றி ஒரு நினைப்பும் எனக்கு வரவில்லை. ஆண்களைப் பற்றி நினைத்து நினைத்து அலுத்துப்போயிருந்தேன். தைத்தவளைத்தான் நினைத்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தைத்திருப்பாள். புடவையை வெட்டும்போது எந்த இடத்தில் வெட்டினால் வெளியே தெரியாது என்று இரண்டு தரம் மடித்துப் பார்த்திருப்பாள். பனி இறங்குகிற நேரத்தில் அந்த ஒட்டு மட்டும் என் முழங்கையில் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். இரட்டைத் துணி, கதகதப்பாகத்தானே இருக்கும் என்று புத்தி சொல்லும். நான் புத்தியைக் கேட்கிற ஆளில்லை.

கொட்டகையில் எனக்கு 'மொட்டைப் பாக்கெட்டு' என்று பெயர் வைத்தார்கள். "உங்க வீட்டுக்காரர் எந்த கம்பெனி? பேரையே பிச்சிட்டாங்க?" என்று கேட்டார்கள். நான் சிரித்து வைத்தேன். வெளியூரில் வேலை போலிருக்கு என்று அவர்களே பேசி அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

தை பிறந்ததும் பிப்ரவரிக் காதலர் தினத்துக்கான ஆர்டர் குவிந்தது. பூவை நீளம் பார்த்துப் பிரிக்கிற அறையிலிருந்து சிலரை வெட்டுக்கு மாற்றினார்கள். அப்படித்தான் அந்த அக்கா என் வரிசைக்கு வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பாகலூர் மளிகைக் கடையில் கன்னடம். மூன்றிலும் சண்டை போடுவாள். அவள் வீட்டுக்காரர் பேரிங் கம்பெனியில் கிரைண்டிங் வேலை, அதனால் அவள் பேரிங்கு அக்கா. பிரிக்கிற அறையில் பச்சை ஏப்ரன் கொடுப்பார்கள் என்பதால் அவளுக்கு அதுவரை சட்டை தேவைப்படவில்லை. இப்போது வீட்டிலிருந்து ஒரு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். "கம்பெனியில இப்ப நீலம் குடுக்கிறாங்க" என்றாள்.

எனக்கு யாரோடும் சட்டென்று ஒட்டாது. அவளோடு எப்படியோ ஒட்டிவிட்டது. மத்தியானம் சட்டைகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் சேர்ந்து சாப்பிடுவோம். அவள் களி கொண்டுவருவாள், என்னிடம் சோறு இருக்கும், பாதி பாதி. ஆணியில் என் ஆஷ் கலரும் அவள் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். சானமாவுக் காட்டுப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் சில நாள் தாமதமாக வந்து, யானை ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் வேனை நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். "எங்களுக்கும் ஒரு யானை இருந்தா நல்லாயிருக்கும், கொஞ்ச நேரம் தூங்கலாம்" என்பாள் அக்கா. ஊரை விட்டு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

அந்த நாட்களில்தான் பூ வாங்குகிறவர்களோடு பெங்களூரிலிருந்து ஒரு பெண் பண்ணையைப் பார்க்க வந்தாள். முழங்கால் வரைக்கும் தொங்குகிற ஆண் சட்டை ஒன்றை அவளும் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆண் துணி, பெண் துணி என்ற பேதமில்லாமல் உடுத்துவதும், பழசை வாங்கித் திரும்ப உடுத்துவதும்தான் இப்போது ஃபேஷன் என்றாள். பூமிக்கும் நல்லதாம். சூப்பர்வைசர் அக்கா, "பூமிக்கு நல்லதோ என்னமோ, கைக்கு நல்லதும்மா" என்றாள். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். நல்ல பெண். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. என்ன, நாங்கள் ஃபேஷனில் இருக்கிறோம் என்று எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

என் முழங்கைத் தையலை அவள்தான் கவனித்தாள். பார்க்கலாமா என்று கேட்டு, கைப்பித்தானைக் கழற்றி, சட்டைக் கையை மேலே திருப்பினாள். மஞ்சள் கட்டம் வெளியே வந்தது. "எவ்ளோ அழகா இருக்கு! இதை ஏன் உள்ளே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பக்கத்து வரிசையில் பூ விரியாமலிருக்க வலைத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. அதைக்கூட அவள் எடுக்கவில்லை.

வந்தவர்கள் போன பிறகு என் அருகில் வந்து நின்றாள்.

"இந்தச் சட்டை ஏது புள்ள உனக்கு?"

"வாங்கினேன்க்கா."

"உன் வீட்டுக்காரர்துன்னு சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? நீங்களா சொல்லிக்கிட்டீங்க."

"அப்போ உன் வீட்டுக்காரர் எங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு உண்மையாக வரும், அதுதான் தொல்லை. "இல்லை. விட்டுட்டு வந்துட்டேன். தனியாத்தான் இருக்கேன். இப்ப என்ன?" என்றேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "இது என் புடவை. நான் போட்ட தையல். இந்தச் சட்டை மெஷின்ல மாட்டிக் கிழிஞ்சு போச்சுன்னு அவரு சொன்னாரு." அதற்குமேல் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. புருஷன் இல்லாமல் தனியாக இருக்கிறவள் உடம்பில் இன்னொருத்தி புருஷனின் சட்டை. மீதியைக் கொட்டகை சொல்லிக்கொண்டது, மூன்று பாஷையில்.

இத்தனை நாள் நான் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்த தையல்காரி எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். பாதிக் களியும் கொடுத்திருக்கிறாள். கண்டுபிடித்த அன்றைக்கே அவளை இழந்துவிட்டேன். அன்று மத்தியானம் தொட்டி நிழலில் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

சூப்பர்வைசர் அக்கா கெட்டவள் இல்லை, ஆனால் ஆர்டர் அவள் தலைக்கு மேலே இருந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள பேசி முடிங்க. திங்கக்கிழமை மூஞ்சியத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேர் எனக்கு வேணாம். ஒருத்தர் போதும்" என்றாள். அந்த ஒருத்தி நானாக இருக்கப்போவதில்லை என்பது ரோஜாச் செடிக்குக்கூடத் தெரியும்.

நான் அக்காவிடம், "ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. எங்க வாங்கினேன்னு காட்டுறேன். வரலைன்னா நான் ஊருக்குப் பஸ் ஏறிடுவேன்" என்றேன். அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துணிப்பையோடு போய் நின்றேன். உண்மையாகவே ஏறிவிடுவது என்றுதான் பையை எடுத்துக்கொண்டு போனேன். ஊத்தங்கரைக்கு மாறி ஏற வேண்டிய கிருஷ்ணகிரி பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. பனியில் பஸ்ஸின் விளக்கு முதலில் வரும், பஸ் பிறகு வரும். ஒவ்வொரு கண்டக்டரும் என் பையைப் பார்த்து "கிருஷ்ணகிரியா, ஏறும்மா" என்றார். இன்னும் ஒரு பஸ் பார்க்கலாம், இன்னும் ஒரு பஸ் என்று நின்றேன். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு நீலச் சட்டை வந்தது. விடுமுறை நாளிலும் அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், குளிருக்காக.

சந்துக்குள் நடந்தோம். தார்ப்பாய்க்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் சட்டையைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்டேன். "கம்பெனிச் சட்டையா? கம்பெனி கேட் பக்கத்துல இருக்கிற டீக்கடையில மூட்டை வெச்சிருக்கேன்மா. வேணாங்கிறவங்க அதுல போட்டுட்டுப் போவாங்க. பேரைப் பிரிச்சுட்டுத்தான் விப்பேன், இல்லைன்னா பிரச்சனை" என்றார். யார் போட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ சட்டை, எத்தனையோ ஆள்.

அக்கா அவர் சொன்னதைக் கேட்ட மாதிரியே இல்லை. குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆஷ் கலராகக் கண்ணில் பட்டதை எல்லாம் இழுத்து, கையை உள்ளே வெளியே திருப்பிப் போட்டாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் யார் யாருடைய கைகளையோ திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணெய்க் கறை, பீடிப் பொத்தல், பேனா மை. சில சட்டைகளில் இன்னும் ஆளின் வாசனை இருந்தது. குவியல் எங்களைச் சுற்றி ஏறிக்கொண்டே வந்தது. தார்ப்பாய்க்காரர் திட்டவில்லை, டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

திடீரென்று அக்காவின் கை நின்றது. மடியில் ஒரு ஆஷ் கலர் சட்டை. வலது முழங்கை. உள்ளே மஞ்சள் கட்டம், எறும்புத் தையல்.

"இது நெருப்புப் பொறி பட்டு எரிஞ்சு போச்சுன்னு சொன்னாரு" என்றாள் மெதுவாக. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எரிந்த அடையாளம் எங்கும் இல்லை. "கை தப்பிச்சுதே சாமின்னு நான் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன் புள்ள."

என் மேல் பழி இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அந்த மஞ்சள் துண்டைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள். அவள் முதல் சம்பளத்தில் எடுத்த புடவையாம் அது. நன்றாக இருந்த புடவை. மஞ்சள்தான் கண்ணுக்கு இதம் என்று அதிலேயே வெட்டினாளாம்.

என் துணிப்பையை அவள் அப்போதுதான் பார்த்தாள். "இது என்னாத்துக்கு?" என்றாள். பையை என் கையிலிருந்து பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பாகலூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

திங்கட்கிழமை காலை பனி இன்னும் விலகவில்லை. கொட்டகைக்குள் எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நான் என் வரிசையில் நின்று வெட்ட ஆரம்பித்தேன். நடந்ததை வாயைத் திறந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் வீட்டு விஷயத்தை நான் எப்படிச் சொல்வது? சூப்பர்வைசர் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை ஓடவில்லை. ஒரு முள் வலது முழங்கையில் மாட்டி சட்டையை நீளமாகக் கிழித்துவிட்டது.

அப்போதுதான் அக்கா வந்தாள். நீலச் சட்டை இல்லை. நேற்றுக் குவியலில் கிடைத்த ஆஷ் கலர். முழங்கையில் மஞ்சள் கட்டம் பளிச்சென்று வெளியே தெரிந்தது. ராத்திரியே பிரித்து வெளிப்பக்கமாக மாற்றித் தைத்திருக்கிறாள். பம்பும் கண்ணாடியும் அவள் முழங்கையைப் பார்த்தார்கள், என் முழங்கையைப் பார்த்தார்கள், வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. "எங்காளு கம்பெனி லைன்ல டீ குடிக்கிறப்போ கையை மடிச்சிருக்கான். பொண்டாட்டி புடவையக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு கூட இருக்கிறவனுங்க சிரிச்சானுங்களாம். அதுக்கோசரம் ரெண்டு சட்டையையும் கம்பெனி கேட் டீக்கடை மூட்டையில போட்டுட்டு, எங்கிட்ட மெஷினு, நெருப்புன்னு கதை. நான் கேட்டேன், தினமும் உன் சட்டையப் போட்டுக்கிட்டுத்தானே வேலைக்குப் போறேன், என்னைப் பாத்து எவ சிரிச்சா?"

"அவரு என்ன சொன்னாரு?" என்றாள் பம்பு.

"என்ன சொல்வாரு? சோத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாரு."

கொட்டகையே சிரித்தது. சூப்பர்வைசர் அக்கா, "சிரிச்சது போதும், பூவு விரிஞ்சுடும்" என்று கத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யார் போக வேண்டும் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அக்கா என்னிடம் வந்து, கிழிந்த வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். ஊசி, நூல், புடவையில் மிச்சமிருந்த ஒரு மஞ்சள் துண்டு. "கழட்டட்டுமா?" என்றேன். "எங்க நேரம்? அப்படியே நில்லு" என்றாள். உடம்பில் போட்டபடி துணியைத் தைத்தால் ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். தைத்தே ஆக வேண்டுமென்றால் போட்டிருப்பவர் வாயில் ஒரு நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நூலைக் கடித்து அறுத்து அவளே என் பல்லுக்கிடையில் வைத்தாள்.

"இந்த வாட்டி வெளிப்பக்கம்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் துண்டை வைத்து முதல் தையலைப் போட்டாள்.

மேலே பனி உருகிப் பிளாஸ்டிக் கூரையில் சொட்டுச் சொட்டாக ஓடியது. பூக்கள் எல்லாம் ஈரமாக, அசையாமல் நின்றன. நானும் நின்றேன். எனக்கு அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. உங்களை எனக்கு முன்னாலேயே தெரியும்க்கா, துவைத்த அன்றைக்கே தெரியும், நீங்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"கையை ஆட்டாத புள்ள, ஊசி குத்திடும்" என்றாள்.

ஆடியது என் கை இல்லை, அவள் கை. வாயில் நூல் இருந்ததால் நான் சொல்லவில்லை.